கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்

இதை எழுத வேண்டும் என்று உட்காருவதும், கண்ணை மூடி ஜெபம் பண்ணுவதும், பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருஷங்கள் போய்விட்டன. சோம்பல் அல்ல, பயம்தான். நாம் சொல்வது சொன்னபடியே அடுத்த ஆளிடம் போய்ச் சேராது என்பதை என் வேலையில் கண்ணாரக் கண்டவன் நான். இதையும் எழுதி, இதுவும் வாய் மாறி வாய் மாறி வேறொன்றாய்ப் போனால் என்ன செய்வது என்றே தள்ளிப்போட்டு வந்தேன்.

போன மாதம், நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஆசிட்டைத் தானே ஊற்றிக்கொள்ளுமாம், மூடியைத் தானே முறுக்கிக்கொள்ளுமாம். "இனி யாருக்கும் மூக்கு எரியாது அண்ணாச்சி" என்று ஒருவன் சிரித்தான். போகிற நேரத்தில் ஒரு பெண் கேட்டாள், "நீங்க பாத்ததுலயே கஷ்டமான சாம்பிள் எது அண்ணாச்சி?"

நான் காப்பித் தம்ளர்களை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவர்கள் போன பிறகு என் மனைவி சொன்னாள், "அந்தக் கடக்கரைப் பிள்ளையத்தான நெனச்சிய? எழுதிப் போடுங்களேன். நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்தா ஆண்டவர் கேக்காம விடுவாரா?"

அவள் சொன்ன பிறகு தட்டிக்கழிக்க முடியவில்லை. ஊர்ப் பேரை எழுதவில்லை. ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடிதான்.

நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், ஒரு வார்த்தை சொல்லிவிட்டதால் பாளையங்கோட்டையில் இருந்த அந்தச் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். மண், ஆற்றுச் சேறு, ஆலைக் கசடு, சாம்பல் என்று என்னென்னவோ வரும். அவற்றில் ஈயம், காட்மியம், குரோமியம், செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த இசக்கி புது ஆட்களிடமெல்லாம், "தாமிரவருணின்னு பேருலயே தாமிரத்த வச்சிக்கிட்டு, இதுல எவ்வளவு செம்பு இருக்குன்னு நம்மகிட்டயே கேக்குதானுவ வே" என்று சொல்லிச் சிரிக்க வைப்பான்.

அப்போதெல்லாம் மண்ணை ஆசிட்டில் போட்டுச் சூட்டுப் பலகையில் பகல் முழுக்கக் கொதிக்க வைப்போம். பழுப்புப் புகை எழும்பும். என் சட்டைகளில் ஓட்டை விழாத சட்டை கிடையாது. கோயிலுக்கென்று ஒரு சட்டையை மட்டும் என் மனைவி பெட்டியில் தனியாக மடித்து வைத்திருப்பாள். பாட்டில் கழுவினவன் பைய ஆசிட் ஊற்ற வந்தேன், பிறகு எடை போட வந்தேன். பாதி வாழ்க்கை அப்படியே போயிற்று. அதற்குப் பிறகுதான் மைக்ரோவேவ் மெஷின் வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போதே இசக்கி, "மேடம், மத்தியானச் சோத்த இதுலயே சூடு பண்ணிக்கிடலாமா?" என்றான்.

"பண்ணலாம் இசக்கி. மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றார் சுகந்தி மேடம்.

சுகந்தி மேடம் எங்கள் தலைமை வேதியியலாளர். நாகர்கோவில் பக்கம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு தப்பு நடந்தால் யார் செய்தது என்று கேட்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்து, "திரும்பப் பண்ணுவோம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் பயந்த மாதிரி எந்த ஏச்சுக்கும் பயந்ததில்லை. பண்ணுவோம் என்றால் அவரும் கூடவே நிற்பார் என்று அர்த்தம். அவருக்கு மூட்டு வலி வேறு.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பின்னால் வருவது புரிய இது வேண்டும்.

வந்த மண்ணை முதலில் தாம்பாளத்தில் பரப்பிக் காய வைப்போம். காய்ந்ததைச் சல்லடையில் சலித்தால் கல், கிளிஞ்சல், வேர் எல்லாம் மேலே நிற்கும். கீழே இறங்கியதைக் கல்வத்தில் இட்டுப் பொடியாக அரைக்க வேண்டும். அந்தப் பொடியில் அரை கிராம் எடுத்து டெஃப்லான் குப்பியில் போட்டு, புகையை இழுக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து நைட்ரிக் ஆசிட் ஊற்றுவோம். உடனே மூடக் கூடாது. அதுவும் கடற்கரை மண் என்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருக்கும், சோடாப் பாட்டில் மாதிரி பொங்கும். பொங்கி அடங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே அழுத்தம் கூடிப்போகும். அடங்கின பிறகு மூடியை முறுக்கி, குப்பிகளை வட்டமாக அடுக்கி, மெஷினுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோம். சூடு நூற்றெழுபத்தைந்து டிகிரிக்கு ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். முன்பு பகல் முழுக்க நடந்தது இப்போது ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் நடந்துவிடும். ஆனால் ஆற விட வேண்டும். ஆறாத குப்பியைத் திறந்தால் முகம் போய்விடும். ஆறினதைத் திறந்து, வடிகட்டி, சுத்தத் தண்ணீர் சேர்த்து அளவுக் கோடு வரைக்கும் நிரப்பினால், அதன் பிறகு அளக்கிற கருவியின் வேலை.

அப்போதும் மண் முழுதாகக் கரைந்திருக்காது. வெள்ளை மணல் அடியில் அப்படியே கிடக்கும். மணலுக்குள்ளேயே இறுகிப்போன உலோகம் வெளியே வராது. மேலே ஒட்டியிருப்பது, தூளாகக் கலந்திருப்பது, நாளைக்குத் தண்ணீரிலோ ஒருவர் வயிற்றிலோ இறங்கக் கூடியது, அதுதான் ஆசிட்டுக்கு வரும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒவ்வொரு மண்ணையும் இரண்டு குப்பிகளில் வைப்போம். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால்தான் நம்புவோம். மண்ணே போடாமல் வெறும் ஆசிட்டோடு ஒரு குப்பியும் கூடவே போகும். அது எங்கள் கை சுத்தமா என்று பார்க்க. இது போக மேடத்துக்கென்று இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ரிப்போர்ட் போய்ச் சேருகிற வரைக்கும் சல்லடையில் நின்ற கல்லையும் கிளிஞ்சலையும்கூட எறியக் கூடாது. ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டும். இன்னொன்று, ரிப்போர்ட்டின் கடைசியில் இங்கிலீஷில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் வரியை, கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழில் தன் கையாலேயே எழுதுவார். "இந்த முடிவு எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்."

எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் கதவைச் சாத்தினதும் கண்ணை மூடி, "ஆண்டவரே, உள்ளே இருக்கிறதை உள்ளபடி காட்டும்" என்று சொல்லிக்கொள்வேன். இசக்கி பக்கத்தில் நின்று, "அண்ணாச்சி ஸ்தோத்திரம் சொன்னாத்தான் மெஷினு ஓடும். கரண்டெல்லாம் சும்மா" என்பான். மேடம் ஒரு நாளும் சிரித்ததில்லை. நான் கண்ணைத் திறக்கிற வரைக்கும் பொத்தானை அழுத்தாமல் காத்திருப்பார். அவர் இந்து. அந்த மூட்டு வலியோடும் வருஷத்துக்கு ஒரு தரம் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவர்.

இனி அந்தப் பிள்ளையின் காரியத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் திருச்செந்தூர் பஸ்ஸில் வந்திறங்கி, ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடும் கையில் ஒரு கட்டைப்பையோடும் எங்கள் வராந்தாவில் வந்து நின்றாள். பேர் ரோஸ்லின் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கடலில் சேருகிற பக்கத்து ஊர். புருஷன் சேவியர் கடல் தொழில். பிள்ளை மெர்லினுக்கு நாலு வயது. வெளிறிப்போய், அம்மாவின் தோளில் தலையைப் போட்டிருந்தது.

"வவுத்து வலி அண்ணாச்சி. திங்க மாட்டுக்கா, எந்நேரமும் அழுக. ரெத்தத்துல ஈயம் ஏறியிருக்குன்னு பாளையங்கோட்ட டாக்டர் சொல்லுதாவ. மருந்து குடுக்காவ. ஆனா எங்கன இருந்து ஏறுதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்தலன்னா, எறங்குன ஈயம் திரும்ப ஏறிரும், புத்தியவே பாதிக்கும்ங்காவ" என்றாள். சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பொட்டலம் ஆற்றங்கரைச் சேறு, இன்னொரு பொட்டலம் வீட்டு வாசல் மண். "ஊர்ல எல்லாரும் மேக்க உள்ள ஃபேக்டரித் தண்ணிதான்ங்காவ. ஃபேக்டரி மேல கேசு போட ஊர்ல கமிட்டி வச்சிருக்காவ, அவியதான் இந்தச் சேத்த எடுத்துத் தந்தாவ."

நான் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டினேன். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் சின்னதாக ஒரு மீன் கோத்திருந்தது. சாம்பல் நிறம், செதில்கூட வரி வரியாக விழுந்திருந்தது. அந்த மீனின் வாலைப் பிள்ளை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, மீனு நல்லாருக்கே. யாரு புடிச்சுத் தந்தா?"

"எப்பா."

"கடல்லயா?"

"இல்ல. அடுப்புல."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இசக்கி, "அடுப்புல மீன் புடிக்குத ஒரே ஆளு ஒங்கப்பாதான் தாயி" என்றான். ரோஸ்லினும் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அப்போதுதான் சிரித்தாள். மேடமும் உள்ளேயிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துப் புன்னகை செய்தார்.

இதை எழுதும்போது என் கை நிற்கிறது. அந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டிய பதிலை முதல் நாளே, இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டது. நாங்கள் சிரித்துவிட்டுப் பொட்டலத்தை உள்ளே எடுத்துப் போனோம்.

சேற்றையும் வாசல் மண்ணையும் காய வைத்து, சலித்து, அரைத்து, மெஷினில் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குப்பியும் ஒரே மாதிரி சொல்லின. ஈயம் இருந்தது, ஆனால் ஒரு பிள்ளையைப் படுக்கையில் தள்ளுகிற அளவு இல்லை. மேடம் ரிப்போர்ட் எழுதி, கடைசி வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரிப்போர்ட்டை வாங்க வந்தவளின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஆத்துல இல்லியா?"

"நீங்க கொண்டுவந்த அந்தப் பிடிச் சேத்துல அவ்வளவா இல்ல" என்றார் மேடம். "ஆத்தப் பத்தி இத வச்சுச் சொல்ல முடியாது. பிள்ள எங்க விளையாடுது, எங்க படுக்குது? அங்க கூட்டினா வருத தூசியக் கொண்டாங்க."

அவள் போனாள். கொஞ்ச நாளில் அந்த ரிப்போர்ட்டின் போட்டோ எங்கள் இசக்கியின் போனுக்கே சுற்றி வந்தது. ஆலைக்கு வேண்டிய யாரோ எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். ஆறு சுத்தம் என்று மேலே எழுதியிருந்தது. கடைசி வரி இல்லை. அதற்கு மேலேயே படத்தை வெட்டியிருந்தார்கள்.

மேடம் போனை வாங்கிப் பார்த்தார். "நம்பர் சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ரோஸ்லின் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை பிள்ளையை அழைத்து வரவில்லை. ஒரு பாலிதீன் கவரில் வீட்டைக் கூட்டின தூசி. கட்டிலுக்கு அடியில், அடுப்படியில், பின்வாசலில் கூட்டியது. "ஊர்ல என்னய ஏசுதாவ அண்ணாச்சி. கமிட்டிக் கேச நான் கெடுத்துட்டேங்காவ. எனக்குக் கேசு வேண்டாம். எம்புள்ளைக்கு எங்கன இருந்து வருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அந்தத் தூசி ஆசிட்டைக் கண்டதும் பொங்கோ பொங்கென்று பொங்கியது. கிளிஞ்சல் தூள் நிறைய. அடங்குகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். மூடினேன், அடுக்கினேன், ஜெபம் பண்ணினேன். மேடம் பொத்தானை அழுத்தினார்.

கருவி சொன்னதைப் பார்த்து முதலில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு குப்பியில் ஈயம் கொஞ்சம்தான். அதன் ஜோடிக் குப்பியில் கருவியின் அளவுக்கே அடங்காமல் மேலே போய்விட்டது. திரும்பத் திரும்பத் தண்ணீர் சேர்த்து அளக்க வேண்டியதாயிற்று. ஒரே கவர், ஒரே கல்வம், ஒரே பொடி. அண்ணனுக்கும் தம்பிக்கும் சம்பந்தமே இல்லை.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரே ஒரு நினைப்புதான் வரும். குப்பி அழுக்கு. முன்னால் வைத்த கசடு ஏதோ ஒட்டியிருக்கிறது. சரியாகக் கழுவவில்லை. மண் பொய் சொல்லாது, நம் கைதான் பொய் சொல்லும் என்றே நாங்கள் பழகியிருந்தோம்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "திரும்பப் பண்ணுவோம்."

எல்லாக் குப்பிகளையும் வெறும் ஆசிட்டோடு மெஷினில் ஓட்டிச் சுத்தம் பண்ணினோம். கல்வத்தை மணல் போட்டு அரைத்துக் கழுவினோம். மறுபடியும் எடை போட்டு வைத்தோம். வெறும் ஆசிட் குப்பி பளிச்சென்று சுத்தம். தூசி வைத்த ஜோடியோ இந்தத் தடவையும் சண்டை போட்டுக்கொண்டது. கூடிய பக்கம் மட்டும் மாறியிருந்தது. மறுபடியும் கழுவினோம். நாட்கள் போயின. ரோஸ்லின் தினமும் போன் பண்ணினாள். "இன்னும் பாக்குதோம்மா" என்பேன். இரண்டு குப்பியும் ஒத்துப்போகாமல் ஒரு நம்பரையும் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் முறை. நல்ல முறைதான். ஆனால் நாங்கள் குப்பியைக் கழுவிக்கொண்டிருந்த அந்த நாட்களிலெல்லாம் அங்கே ஒரு பிள்ளை மீனைச் சப்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் மேடம்தான், "சல்லடையில நின்னத எடுங்க" என்றார். கவரைப் பிரித்துத் தாம்பாளத்தில் கொட்டினேன். கிளிஞ்சல், கல், தென்னை ஈர்க்குத் துண்டு. அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாகச் சில. கல்லென்றுதான் நினைத்தேன். மேடம் ஒன்றை எடுத்துக் கல்வத்தில் இட்டுக் குழவியால் ஒரு இடி இடித்தார். கிளிஞ்சலாயிருந்தால் நொறுங்கும். இது நொறுங்கவில்லை. அவல் மாதிரி தட்டையாயிற்று. தட்டையான இடம் வெள்ளி போல மின்னியது.

"இது மண்ணோட கலக்கல அண்ணாச்சி" என்றார் மேடம் மெதுவாக. "தனித் தனித் துணுக்கா கெடக்கு. துணுக்கு விழுந்த குப்பியில கூடுது, விழாத குப்பியில கொறையுது. நம்ம குப்பி சுத்தமாத்தான் இருந்திருக்கு."

அன்றைக்கே ரோஸ்லினை வரச் சொன்னோம். பிள்ளையோடு வந்தாள். மேடம் அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தட்டையான அந்தத் துணுக்கைக் கண்ணாடித் தட்டில் வைத்து முன்னால் நகர்த்தினார். "இது ஒங்க வீட்டுத் தூசியில இருந்தது. என்னன்னு தெரியுதாம்மா?"

ரோஸ்லின் அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

"இது எங்க வீட்டு ஈயம்லா" என்றாள்.

பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. "எங்க வீட்டுக்காரவிய ஈயத்த உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வாப்பாவ. ஊர்ல முக்காவாசிப் பேருக்கு அவியதான் வாத்துக் குடுப்பாவ. பின்வாசல்ல சட்டியில காச்சுவாவ. மழன்னா அடுப்படியிலயே..." மெல்லத் திரும்பி மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை வாயில் மீனின் வால்.

அவள் அதைப் பிடுங்கவில்லை. வாயிலிருந்து பைய எடுத்து, கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. ரோஸ்லின் அந்த மீனைக் கண்ணாடித் தட்டில் துணுக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே நிறம். வால் பக்கம் பல் பட்டுத் தேய்ந்து, செதில் வரிகளே இல்லை.

இசக்கி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "மேடம், இதயும் ஒரு குப்பியில வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இத ஆசிட்டுல போட வேண்டாம் அண்ணாச்சி" என்றார் மேடம். "இது என்னன்னு நமக்கு முன்னாடியே இந்தப் பிள்ள சொல்லிருச்சு."

மறுநாள் சேவியர் வந்தார். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கோபமாகத்தான் வந்தார். "ஈயக்குண்டு எங்கப்பா காலத்துல இருந்து வாக்குதோம். நாங்க என்ன செத்தா போனோம்? ஒங்க மெஷினு சொன்னா அது வேதமா?"

மேடம் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் உடம்பு தாங்குவது வேறு, வளர்கிற பிள்ளையின் உடம்பு வேறு என்பதையும், காய்ச்சும்போது எழும்புகிற புகையும் தெறிக்கிற சொட்டும் வீடு முழுக்க இறங்குவதையும் நிதானமாகச் சொன்னார். சேவியர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் பார்வை மேஜை மேலிருந்த மீனுக்குப் போய்விட்டது.

"அவ பொறந்த நாளுக்கு ஒண்ணும் வாங்கிக் குடுக்க முடியல. கடல்ல மீன்பாடு இல்ல. ஈர மணல்ல ஒரு சாளை மீன அமுக்கி அச்செடுத்து வாத்தேன். செதிலு விழலன்னு மூணு தடவ ஒருக்கி ஒருக்கி வாத்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. எம்புள்ளைக்கு நானா வெசத்த வாத்துக் குடுத்தேன்?" என்று கேட்டார்.

வாய் வரைக்கும் ஜெபம் வந்தது, வார்த்தை வரவில்லை. அவர் தோளில் கையை வைத்தேன். இப்போது நினைத்தால், "எங்களுக்கும் தெரியாமத்தான் போச்சு ஐயா, நாங்களும் பாத்துச் சிரிச்சோம்" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தனியாகச் சுமந்திருக்க மாட்டார்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் போனது. மேடம் இந்தத் தடவை கடைசி வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார். அதன் கீழே, ஈயம் காய்ச்சுகிற எந்த வீட்டிலும் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதிப்பது நல்லது என்று இன்னொரு வரியும் சேர்த்தார். அப்படிச் சேர்ப்பது எங்கள் வழக்கம் இல்லை. மேலிடத்தில் அதற்காக அவரைக் கேள்வி கேட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த இரண்டு வரியையும் ஊரில் யாரும் வாசிக்கவில்லை. ஆலைக்குச் சாதகமாகப் பேசுகிறவர்கள், "பாத்தியளா, ஆத்துல ஒண்ணுமில்ல, வீட்டுலதான் கோளாறு" என்று கேசை ஊற்றி மூடினார்கள். அதற்கு அப்புறம் ஒருவரும் ஆற்றுச் சேற்றை ஒழுங்காக இடம் இடமாக எடுத்துக் கொண்டுவரவே இல்லை. அங்கே என்ன இருக்கிறது, இல்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்களோ, "சேவியர் தன் புள்ளைக்குத் தானே வெசம் வச்சான், பழிய ஃபேக்டரி மேல போடப் பாத்தான்" என்று பேசினார்கள். அவரிடம் குண்டு வார்க்கக் கொடுத்தவர்களே பேசினார்கள். சேவியர் சட்டியைக் கடலில் எறிந்துவிட்டு, குடும்பத்தோடு ஊரை விட்டுத் தூத்துக்குடிக்குப் போய்த் துறைமுகத்தில் சுமை தூக்கப் போய்விட்டார்.

ஒரு தடவை வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ரோஸ்லினைப் பார்த்தேன். மெர்லின் பள்ளிக்கூடச் சீருடையில் கூட நின்றாள். ரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டது, வலி இல்லை, சாப்பிடுகிறாள் என்றாள். "படிப்புதான் அண்ணாச்சி, ஏற மாட்டுக்கு. சொன்னது நிக்க மாட்டுக்கு. டாக்டரு, போனது போனதுதாங்காவ." பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "மாமாக்கு வணக்கம் சொல்லு" என்றாள் ரோஸ்லின். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வணக்கம் சொன்னது. பஸ் வந்துவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு பெண் அதே ஊரிலிருந்து வந்தாள். சேவியர் வீட்டுக்கு அடுத்த தெரு. கையில் பிள்ளை, அதே வெளிறல், அதே டாக்டர் சீட்டு. இந்தத் தடவை நான் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "வீட்டுல ஈயம் காச்சுதியளா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஆமா. சேவியர் போனதுல இருந்து நாங்கதான ஊருக்கு வாக்குதோம்."

"சேவியர் பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும்லாம்மா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது அவிய வீட்டு ஈயத்துலதான அண்ணாச்சி கோளாறு? அவிய எங்கயோ ஆலைக் கழிவு ஈயம் வாங்கிக் காச்சுனாவன்னுல்லா சொன்னாவ. எங்களது வேற ஈயம். நல்ல பேட்டரி ஈயமாக்கும்."

பழைய பேட்டரியை உடைத்து எடுப்பதில்தான் ஈயத் தூள் இன்னும் அதிகம். மேடம் அப்போது உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாம எல்லாம் சரியாத்தான் பண்ணினோம் அண்ணாச்சி" என்றார். "சரியாப் பண்ணினது போதல." அன்றைக்கு அவர் "திரும்பப் பண்ணுவோம்" என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு குப்பியும் வைக்கும்போது "உள்ளே இருக்கிறதை உள்ளபடி காட்டும்" என்று நான் கேட்டேன். ஆண்டவர் ஒரு தடவையும் மறுக்காமல் காட்டினார். உள்ளே இருந்தது உள்ளபடி வெளியே போய்ச் சேர வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தினமும் அதைத்தான் கேட்கிறேன்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். கடற்கரையில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது சேவியர் கதையாகச் சொல்லாதீர்கள். ஆற்றில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகவும் சொல்லாதீர்கள், நான் சொல்லவில்லை. எந்த ஈயமானாலும், யார் வீடானாலும், பிள்ளைகள் புழங்குகிற இடத்தில் காய்ச்சக் கூடாது, ஈயத்தில் செய்த எதையும் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது, ஏற்கெனவே காய்ச்சுகிற வீடானால் பிள்ளையின் இரத்தத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்புகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் எடுங்கள்.